இழுக்குதா?

கடைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு திரைதான். காலையில் அடுப்பில் வெந்நீர் வைத்ததும் அவள் செய்கிற முதல் வேலை, திரைக்குப் பின்னால் நின்று பிளேடு போடுவது. காகித உறையோடு பிளேடை விரல்களுக்கு நடுவே பிடித்து மெல்ல வளைப்பாள். டிக் என்று ஒரு சத்தம் வரும். நீளவாக்கில் இரண்டாக ஒடிந்த பிளேடில் ஒரு பாதியை எடுத்துச் சவரக்கத்தியின் வாய்க்குள் செருகி மூடுவாள். அதற்குப் பிறகு, திரை நன்றாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்து, அந்தப் புதுப் பிளேடின் கூர்மையை அதன் அடிவிளிம்பில் அழுத்தித் தேய்த்துக் கெடுப்பாள்.

வெளியே கணவர் குரல் கொடுப்பார். "மேனேஜர், சாமான் ரெடியா?"

"இதோ வந்துட்டேங்க."

தெருவில் அவருக்குப் பெயர் பஞ்சு. ஆளைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, கையைப் பார்த்து வைத்தது. கத்தி கன்னத்தில் இருப்பதே தெரியாது என்பார்கள். ஷேவிங்குக்கு உட்காருகிறவர்கள் பாதியில் குறட்டை விட்டுவிடுவார்கள். ஒருமுறை தையல்காரர் அப்படித் தூங்கி எழுந்து, "என்ன பஞ்சு, இன்னும் ஆரம்பிக்கலயா?" என்று அதட்டினார். கண்ணாடியைக் காட்டினால், முகம் மொழுமொழுவென்று இருந்தது.

கத்தியை முதல்முறை இழுத்ததும் பஞ்சு ஒரு கேள்வி கேட்பார்: "இழுக்குதா?" தொழிலில் பாதி அந்தக் கேள்விதான் அவருக்கு. எரிகிறது என்றால் கை கனத்துவிட்டது, இழுக்கிறது என்றால் பிளேடு சரியில்லை. யாராவது "லேசா இழுக்குதுண்ணே" என்றால் போதும், பிளேடைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடுவார். "பிளேடுதான் வேலை செய்யணும். கை சும்மா அதுகூட நடந்துபோனா போதும்" என்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது நடந்துதான் வந்தார். பேச்சும் தெளிவாக இருந்தது. வலது கன்னமும் வலது கை விரல்நுனிகளும் மட்டும் மரத்துப்போயிருந்தன. கையில் சின்ன நடுக்கம் ஒன்று தங்கிவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். வெட்டுப்பட்டால் ரத்தம் லேசில் நிற்காது, உங்கள் முகத்தில் கத்தி வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், மகள் பேட்டரி மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அதை முகத்தில் ஓட்டும்போது பஞ்சு கண்ணாடியைப் பார்க்கமாட்டார்.

மரத்த விரல்களுக்குப் பிளேடை ஒடித்துச் செருக வரவில்லை. அந்த வேலை அவளிடம் வந்தது அப்படித்தான்.

கடையை மறுபடி திறந்த புதிதில் தையல்காரரின் காது மடலில் கத்தி பட்டுவிட்டது. "தினம் ஊசி குத்தற உடம்பு இது. இதெல்லாம் ஒரு காயமா?" என்று அவர் சிரித்துக்கொண்டே போனார். ஆனால் வெள்ளைத் துண்டில் படர்ந்த சிவப்பை அவளால் மறக்க முடியவில்லை. காதுக்குப் பதில் கழுத்தாக இருந்திருந்தால்? இந்த வயதில், இந்த உடம்போடு, அவரை யார் காப்பாற்றுவார்கள்?

அன்றைக்குத்தான் முதன்முதலாக டம்ளரைக் கவிழ்த்தாள். தேய்த்த பிளேடைத் தன் முன்கையில் மெல்ல இழுத்துப் பார்த்தாள். கீறவில்லை. அப்பாடா என்றிருந்தது. குழந்தைக்குப் பயந்து கத்திரிக்கோலை உயரத்தில் வைப்பதைப் போல ஒரு காரியம்தான் அது அவளுக்கு. கூர் போன பிளேடு முடியை அறுக்காமல் பிடித்து இழுக்கும், அறுக்காததால் கை அழுத்தும், அழுத்தும் கைதான் வெட்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் சவரக்காரரோடு குடித்தனம் செய்திருந்தாலும், அவள் யாருக்கும் சவரம் செய்ததில்லை.

பஞ்சு வழக்கம்போலக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "இழுக்குதா?"

"சேச்சே, இல்லண்ணே."

உட்கார்ந்தவரின் கண்ணோரத்தில் நீர் முட்டி நின்றாலும் அதே பதில்தான். படுக்கையிலிருந்து எழுந்து வந்த மனிதர், அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பழகின பாசத்தில் எல்லோரும் பொய் சொன்னார்கள். வெளியே போய், "கை போச்சுப்பா, பாவம்" என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த தடவை எதிர்க்கடைக்குப் போனார்கள். போகும்போது பஞ்சு பார்த்துவிடக் கூடாதே என்று, அடிக்காத போனைக் காதில் வைத்து யாரிடமோ பேசிக்கொண்டே தெருவைக் கடந்தார்கள்.

ஒருநாள் அவரே கேட்டார். "ஏம்மா, பிளேடுல ஏதாவது கோளாறா இருக்குமோ?"

அவள் காகித உறையை எடுத்து நீட்டினாள். "புதுசுதாங்க போடறேன். நீங்களே உறைய பாருங்க."

"எதுக்கும் வேற கம்பெனி வாங்கிப் பாப்போம்."

வாங்கினார்கள். அவள் அதையும் தேய்த்தாள். அன்று மாலை பஞ்சு தன் வலது கையைப் பிறத்தியார் பொருளைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிளேடு இல்ல. இழுக்குதான்னு கேட்டா இல்லங்கறாங்க. ஆனா மூஞ்சி செவந்துபோகுது. கைதான்."

பிறகு, பலூன் வாங்கி ஊதி, அதில் சோப்பு நுரை தடவி, கத்தியால் வழித்துப் பழக ஆரம்பித்தார். தொழில் கற்கும்போது செய்கிற பயிற்சி அது. கை கொஞ்சம் பிசகினாலும் பலூன் வெடித்துவிடும். ஒரு பலூனும் வெடிக்கவில்லை. அவருக்கு அது இன்னும் குழப்பமாக இருந்தது. "பலூனுக்குச் சரியா போற கை மனுஷனுக்கு ஏன் போகமாட்டேங்குது?" என்று அவளையே கேட்டார். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு அது.

இந்த நேரத்தில்தான் மகளின் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை எலெக்ட்ரீஷியன். மகளே பார்த்துப் பழகிக் கொண்டுவந்த பையன். நெஞ்சைத் தொடுகிற தாடி. வீட்டில் எல்லோருக்கும் அவன் 'தாடி'தான்.

"மாமா, இந்தத் தாடிய உங்க கையாலதான் எடுக்கணும்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றான். "இப்படியே போனா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணத்த பதிவு பண்ண மாட்டாங்களாம். போலீசுக்குத்தான் போன் பண்ணுவாங்களாம்."

"யாரு சொன்னா?"

"உங்க பொண்ணுதான். தாடியா நானான்னு முடிவு பண்ணுங்கறா. யோசிச்சுச் சொல்றேன்னேன். அதுக்கு ஒரு வாரம் பேசல."

பஞ்சு சிரித்தார். நோய் வந்த பிறகு அப்படி அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்காக அவன் வேண்டுமென்றேதான் கேட்டிருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. அதனாலேயே அவனை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதனாலேயே பயமாகவும் இருந்தது.

அவன் போன பிறகு, சாப்பிட உட்கார்ந்தபோது பஞ்சு சொன்னார். "இவன ஒழுங்கா பண்ணிட்டேன்னா கடைய வச்சிருப்பேன். இல்லன்னா கல்யாணம் முடிஞ்ச கையோட ஷட்டர இறக்கிடுவேன். சொந்த மாப்பிள்ள மூஞ்சிய கெடுத்தவன் இன்னொருத்தன் மூஞ்சில கை வைக்கக் கூடாது."

"ஏங்க இப்படியெல்லாம் பேசறீங்க?"

"பேசல. முடிவு பண்ணிட்டேன்."

கடை இல்லாமல் இந்த மனிதர் என்ன செய்வார் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சும்மா இருக்கச் சொன்னால் கதவின் கீலுக்கு எண்ணெய் விடுகிறவர் அவர்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மதியம் தாடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பஞ்சு முதலில் கத்திரிக்கோலால் தாடியைக் குறைத்தார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முகத்தில் சுற்றி வைத்தார். பிரஷ்ஷால் நுரை கூட்டினார். திரைக்குப் பின்னால் மகள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கழுத்துப் பக்கம் மட்டும் வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லேன்."

"நீ சொல்லேன்."

"என்னால முடியாதும்மா. அவரு மூஞ்சிய பாத்தியா? காலைலேர்ந்து சின்னப் பிள்ள மாதிரி இருக்காரு."

மகள் துண்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரைக்குப் பின்னால் தனியாக நின்று அவள் பிளேடை ஒடித்தாள். டம்ளரைக் கவிழ்த்தாள். கை ஒரு நொடி நின்றது. இன்றைக்கு ஒருநாள் மட்டும் கூர்மையாகவே கொடுத்தால் என்ன? உடனே மகள் சொன்ன கழுத்து ஞாபகம் வந்தது. வழக்கத்தைவிட அதிகமாகவே தேய்த்துக் கத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பஞ்சு இடது கையால் கன்னத்துத் தோலை இழுத்துப் பிடித்தார். கத்தியைச் சாய்த்து, முடி வளர்ந்த வாட்டத்திலேயே மேலிருந்து கீழே இறக்கினார்.

"இழுக்குதா?"

"இல்ல மாமா. சூப்பரா போகுது."

போர்த்தியிருந்த துணிக்குக் கீழே அவனுடைய கால்விரல்கள் செருப்புக்குள் சுருண்டுகொள்வதை, திரையோரம் நின்ற அவள் பார்த்தாள். மகளும் பார்த்தாள்.

வழித்த இடத்தில் பாதி முடி அப்படியே நின்றது. பஞ்சு மறுபடி நுரை போட்டு மறுபடி இறக்கினார். "கெட்டி முடிடா உனக்கு" என்றார். நெற்றியில் வியர்த்திருந்தது. "இழுக்குதா?"

"இல்ல மாமா."

ஒரு பக்கக் கன்னம் ஒருவழியாக முடிந்தது. தாடை எலும்புக்கு வந்தார். அங்கே முடி சுழித்துக்கொண்டு வளர்ந்திருந்தது. கத்தி நகரவில்லை. அழுத்தினார். இன்னும் அழுத்தினார். அவன் முகம் வெடுக்கென்று திரும்பியது.

நுரை சட்டென்று சிவந்தது. தாடையிலிருந்து கழுத்துவரை ஒரு கோடு. மகள் அலறிக்கொண்டு ஓடிவந்து துண்டை அமுக்கினாள். பஞ்சு கத்தியை ஏந்தியபடியே சுவர்வரை பின்னால் போய்விட்டார்.

"என் கை" என்றார். "என் கைதான். தெரிஞ்சே உக்கார வச்சேன்."

தையல் போடுகிற ஆழம் இல்லை என்று தெரிவதற்குள் துண்டு நனைந்து, இன்னொரு துண்டும் பாதி நனைந்திருந்தது. அந்த நிலையிலும் தாடி கையை ஆட்டினான். "உங்க மேல தப்பில்ல மாமா. நான்தான் ஆடிட்டேன். ரொம்ப இழுத்துச்சு, தாங்க முடியாம தலைய…"

"என்ன சொன்ன?"

அவன் மகளைப் பார்த்தான்.

"அவள ஏன் பாக்கற? என்னப் பாத்துச் சொல்லு. எரிஞ்சுதா, இழுத்துச்சா?"

"இழுத்துச்சு மாமா. மொதல்லேர்ந்தே."

"கேட்டேனேடா. ரெண்டு தடவ கேட்டேனே."

"நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு…"

பஞ்சு கத்தியைக் கழுவினார். தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, உணர்ச்சியுள்ள இடது கை விரல்களில் பிடித்து, பிளேடின் மேல் வைத்தார். புதுப் பிளேடு என்றால் தொட்டதும் அறுந்துவிழ வேண்டும். முடி வளைந்துகொடுத்தது. மறுபடி வைத்தார். மறுபடி வளைந்தது.

அவர் திரையை விலக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். மேடைமேல் டம்ளர் கவிழ்ந்தே இருந்தது. இடது கட்டைவிரலால் அதன் விளிம்பைத் தடவினார். கீறல்கள் விரலுக்குத் தெரிந்திருக்கும்.

"எப்பேர்ந்து?"

"தையல்காரர் காதுல பட்டதுலேர்ந்து."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்" என்றாள். "பயந்துட்டேங்க. யாருக்காவது ஏதாவது ஆயிட்டா உங்கள…"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் அழுதிருப்பாள். டம்ளரை நிமிர்த்தி வைத்துவிட்டு, "பலூன் ஏன் வெடிக்கலன்னு இப்ப தெரியுது" என்றார்.

வெளியே, தாடையில் துணி வைத்துக் கட்டிய பையன் அரைமுகத்தோடு உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கம் சிவந்து தடித்த கன்னம், மறுபக்கம் வெட்டப்பட்ட தாடி. "மாமா, புது பிளேடு போட்டு மிச்சத்த எடுங்க" என்றான். "நாளைக்கு இப்படியே போனா பாதிக் கல்யாணம்தான் பதிவு பண்ணுவாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவள் கடைக்கு நடுவில் வந்து நின்று, எல்லோரும் பார்க்கப் பிளேடை ஒடித்துக் கத்தியில் செருகிக் கொடுத்தாள். பஞ்சு வாங்கினார். நுரை தடவினார். கத்தியைக் கன்னத்துக்கு அருகே கொண்டுபோனார்.

கை ஆடியது. இதற்கு முன் இருந்தது விரல்நுனி நடுக்கம். இது தோளிலிருந்து வந்தது. இத்தனை மாதம் தன் கையை நம்பாமல் நம்பாமல் ஒவ்வொரு முகத்தையும் தொட்ட பயம் எல்லாம் இப்போது முழங்கை வழியாக இறங்கி வந்ததுபோல இருந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் சேர்ந்து ஆடின. தாடி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். நுரை காய்ந்தது.

பஞ்சு கத்தியை மடக்கி மேசையில் வைத்தார்.

"எதிர்க்கடைக்குப் போயிட்டு வா, மாப்பிள்ள."

"மாமா…"

"போயிட்டு வாப்பா."

தாடி துணியைப் போர்த்தியபடியே தெருவைக் கடந்தான். எதிர்க்கடை வாசலில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். அவன் போனைக் காதில் வைத்துக்கொள்ளவில்லை.

கல்யாணப் புகைப்படத்தில் மாப்பிள்ளையின் தாடையில் வெள்ளைப் பிளாஸ்திரி தெரிகிறது. பஞ்சு ஓரமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். மகள் புதுவீட்டுக்குப் போன மறுநாள் அவர் ஷட்டரை இறக்கினார்.

வீட்டில் அவளோடு பேசாமல் இல்லை. காபி கேட்டார், மாத்திரை கேட்டார், சாவியைக் கேட்டார். "மேனேஜர்" என்று மட்டும் கூப்பிடவில்லை. பேட்டரி மெஷினைத் தொடவில்லை. நரைத்த தாடி ஒழுங்கில்லாமல் வளர்ந்தது. தையல்காரர் ஒருநாள் வாசலில் நின்று, "பிளேடு சமாச்சாரம் கேள்விப்பட்டேன் பஞ்சு. நாங்க யாராவது ஒருத்தர் வாயத் தொறந்திருக்கணும்" என்றார். பஞ்சு, "உங்க காது எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மன்னிப்புக் கேட்க அவள் பலமுறை வாயெடுத்தாள். ஒவ்வொரு முறையும் அவர் எழுந்துபோனார். கதவுக் கீல்கள் எல்லாம் எண்ணெயில் ஊறிக் கிடந்தன.

ஒரு மதியம் கடைப்பக்கம் ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்டது. பாதிதான் ஏறியது. அவள் திரையை விலக்கிப் பார்த்தாள். பஞ்சு வாடிக்கையாளர் நாற்காலியில், கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மேனேஜர்."

"என்னங்க?"

"பிளேடு போடு."

"யாருக்கு?"

"எனக்குத்தான். நீ எடு."

"ஐயோ, டாக்டர் சொல்லியிருக்காரு. பட்டுச்சுன்னா ரத்தம் நிக்காதுன்னு. மெஷின கொண்டு வரேன், அதுல…"

"இங்கயே நின்னு ஒடி. எனக்குச் சத்தம் கேக்கணும்."

அவள் ஒடித்தாள். டிக். செருகினாள். வெந்நீர்த் துண்டு, நுரை, எல்லாம் அவர் செய்யப் பார்த்த வரிசையிலேயே செய்தாள். கத்தியை அவர் கன்னத்துக்கு அருகே கொண்டுபோனாள். அவர் அவளுடைய மணிக்கட்டைத் தொட்டு, கத்தியின் சாய்வைச் சரிசெய்தார்.

"அழுத்தாத. பிளேடு அதோட வேலைய பாக்கும். நீ சும்மா கூடப் போ."

உணர்ச்சியுள்ள இடது கன்னத்தில் ஆரம்பித்தாள். நுரையோடு முடி சத்தமில்லாமல் வந்தது. இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. எத்தனை பேருடைய முகத்திலிருந்து தான் எதைப் பிடுங்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் கைக்குப் புரிந்தது.

"இழுக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

அவள் கை நின்றது. "உண்மைய சொல்லுங்க."

கண்ணாடியில் அவர் அவளைப் பார்த்தார். கல்யாணத்துக்கு முதல்நாளுக்குப் பிறகு நேராகப் பார்த்தது இப்போதுதான். "இழுத்தா சொல்றேன்" என்றார்.

இடது பக்கம் முடிந்தது. அவள் நாற்காலியைச் சுற்றி வலது பக்கம் வந்தாள். நுரை தடவி, தோலை இழுத்துப் பிடித்து, மேலிருந்து கீழே இறக்கினாள்.

"இழுக்குதா?"

"அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது" என்றார். "நீதான் சொல்லணும்."

கன்னம் வழுக்கிக்கொண்டு போனது. தாடை எலும்புக்கு வந்தாள். பையனுக்கு வெட்டுப்பட்ட அதே இடம். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எங்கே அழுத்தினாளோ தெரியவில்லை. வெள்ளை நுரைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி முளைத்து, மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது.

அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. துண்டால் ஒற்றி எடுத்திருக்கலாம்.

"வெட்டிட்டேங்க" என்றாள்.

"எங்க?"

"தாடைல. ரத்தம் வருது."

"சரி" என்றார், கண்ணைத் திறக்காமலே. "அமுக்கிப் பிடி. படிகாரத்த அப்புறம் வைக்கலாம்."

அவள் துண்டை மடித்து, கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தாள். மாத்திரை சாப்பிடுகிற உடம்பு. ரத்தம் லேசில் நிற்கவில்லை. பாதி ஏறிய ஷட்டருக்குக் கீழே தெருவில் போகிறவர்களின் கால்கள் தெரிந்தன. ஒரு ஜோடி கால்கள் கடை வாசலில் தயங்கி நின்றுவிட்டு, எதிர்ப்பக்கம் போயின.

"நின்னுச்சா?" என்று அவர் கேட்டார்.

அவள் துண்டை விலக்கிப் பார்த்தாள்.

"இன்னும் இல்லங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடி அமுக்கிப் பிடித்தாள்.